பரிசு உணவாகாது

உடம்பில் ஒரு குறையும் இல்லாத ஒருவனைப் பிடித்து நோயாளி ஆக்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதற்குப் படிப்பு வேண்டும், பொறுமை வேண்டும், மூன்று மாடிக் கட்டடமும் அரசு மானியமும் வேண்டும். ஹெல்சின்கிக்கு வடக்கே, பியெக்ஸமாக்கி ஊரில் இவை எல்லாமே இருந்தன. ரயில் நிலையத்துக்கு எதிரே, பிர்ச் மரங்களுக்கு நடுவில், கண்ணாடி முகப்போடு நின்றது இளையோர் ரத்தக்குழாய் முன்னறி நிலையம். அதன் வாசலில் இப்படிப் பொறித்திருந்தார்கள்: "நோய்க்குப் பின்னால் வருவது மருத்துவம். நோய்க்கு முன்னால் வருவது நாங்கள்."

அந்த நிலையத்திலிருந்து ஓட்சோ தொய்வானெனுக்கு ஒரு கடிதம் வந்தது. ஓட்சோவுக்கு இருபத்தாறு வயது. ரயில் நிலையத்தில் சரக்குப் பெட்டிகளைக் கோத்துவிடும் வேலை. பனி கொட்டினாலும் தண்டவாளத்தோரம் நின்று இரும்புக் கொக்கிகளைத் தூக்கி மாட்டுகிறவன். சளி பிடித்துக்கூட இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "தாங்கள் ஆரோக்கியமாக இருப்பதாக அறிகிறோம். எவ்வளவு நாளைக்கு?" என்று தொடங்கிய அந்தக் கடிதம், இளைஞர்களிடம் உயர் ரத்த அழுத்தத்தின் ஆரம்பக் குறிகளைத் தேடும் ஆய்வில் சேரும்படி அவனை அழைத்தது.

"போகாதடா," என்றாள் அக்கா ஹில்லா. இருவரும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தார்கள். "நல்லா இருக்கறவன் எதுக்குடா ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிக்கணும்?"

"சும்மா பார்க்கறாங்க அக்கா. எப்படியும் இலையுதிர் காலத்துல ரயில் ஓட்டுநர் படிப்புக்கு மருத்துவச் சான்று கேப்பாங்க. இப்பவே ஒருதரம் பார்த்து வச்சுட்டா நல்லதுதானே?"

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஏதாவது ஒரு நல்ல காரணம் சொல்வார்கள். ஓட்சோவை மட்டும் குறை சொல்ல முடியாது. ரயில் ஓட்டுவதென்பது அவனுக்கு வெறும் வேலை இல்லை. பெட்டி கோக்கிற ஒவ்வொரு தடவையும் என்ஜின் ஜன்னலை அண்ணாந்து பார்ப்பான். அங்கே உட்கார்ந்திருப்பவர் மேல் அவனுக்கு அவ்வளவு பொறாமை. இரண்டு முறை விண்ணப்பித்துத் தவறியபின் மூன்றாம் முறைதான் இடம் கிடைத்திருந்தது. சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி.

நிலையத்தில் முதலில் அவனை அமைதி அறையில் உட்கார வைத்தார்கள். நாற்காலி, ஏரிப் படம் ஒன்று, சுவரில் விதிகள். கால்மேல் கால் போடக் கூடாது. பேசக் கூடாது. அவசரப்படக் கூடாது. அமைதியாக இருக்கத் தவறுபவர்களின் பெயர் குறித்துக்கொள்ளப்படும். தாமதமாக வருபவர்களுக்கு அமைதியடைய மறுவாய்ப்பு ஆறு வாரம் கழித்தே வழங்கப்படும்.

ஆய்வுச் செவிலி ரைலி ரத்த அழுத்தம் அளக்கும் கைப்பட்டையைச் சுற்றினாள். நல்ல மனுஷி. அந்த நிலையத்தில் வேலை பார்த்தும் அப்படியே இருந்தாள்.

"தம்பி, மனசை லேசா வச்சுக்கோங்க."

"லேசாத்தான் இருக்கு சிஸ்டர்."

"பேசாதீங்க. பேசினா ஏறும்."

"சரி சிஸ்டர்."

"இதோ, மறுபடியும் பேசிட்டீங்க. முதல்லேருந்து வரணும்."

மூன்றாம் முறை முதலிலிருந்து வந்தபோது நூற்றுப் பதினெட்டு காட்டியது. அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு பேராசிரியர் யால்மரி வெஸ்தரினென் அவரே வந்தார். நிலையத்தின் இயக்குநர். உயரம், வெள்ளைத் தாடி, எதிரில் ஒருவரே இருந்தாலும் ஒரு மண்டபத்தையே பார்த்துப் பேசுகிற வழக்கம்.

"நூத்திப் பதினெட்டு. இதைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது தம்பி?"

"நல்லாத்தானே சார் இருக்கு?"

"அதான் பிரச்சினையே. இன்னிக்கு ஆஸ்பத்திரியில கிடக்கற ஒவ்வொருத்தரும் ஒரு காலத்துல உங்களை மாதிரி நல்லா இருந்தவங்கதான். என் முப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன், ஆரோக்கியம்தான் எல்லா நோய்க்கும் முதல் கட்டம். அதைத் தாண்டாம ஒருத்தரும் நோயாளி ஆனதில்லை."

ஓட்சோ தலையாட்டினான். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் வாங்கினார்கள், ஊறுகாய் மீனிலிருந்து கலைமான் இறைச்சி வரை என்னென்ன தின்கிறான் என்று ஒரு நீண்ட கேள்வித்தாளை நிரப்பச் சொன்னார்கள். கிளம்பும்போது ரைலி நன்றிப் பரிசாக ஒரு பெரிய பை கொடுத்தாள். உள்ளே சல்மியாக்கி. அதிமதுரச் சாற்றில் உப்பேற்றிச் செய்த கறுப்பு மிட்டாய். இந்த ஊரில் பால்குடி மறந்த குழந்தையிலிருந்து பாதிரியார் வரை அதற்கு மயங்காதவர் கிடையாது. பையின் முதுகில் நிலையத்தின் தங்க நிற இதய முத்திரை பளபளவென்று ஒட்டியிருந்தது.

"இதையும் அந்தக் கேள்வித்தாள்ல எழுதணுமா சிஸ்டர்?"

"வேண்டாம் தம்பி. எங்க சட்டப் பிரிவுல கேட்டாச்சு. நிலையம் குடுக்கறது பரிசு. பரிசு உணவாகாது. உணவுன்னு எழுதினா உணவுக் குழுவோட அனுமதி வேணும். அந்தக் குழு இன்னும் அமைக்கலை."

ஓட்சோ மிட்டாய்ப் பையோடு வீட்டுக்குப் போனான். ஆரோக்கியம் முதல் கட்டம் என்றால் இரண்டாம் கட்டம் எப்போது என்று யோசித்தான். யோசிக்க யோசிக்கக் கை பைக்குள் போய் வந்தது. வாரக் கடைசிக்குள் பை காலி. வேலைக்குப் போகிற வழியில் நிலையத்தில் நுழைந்து இன்னொன்று வாங்கிக்கொண்டான். பங்கேற்பாளர்களுக்கு அங்கே தட்டுப்பாடே இல்லை.

இரண்டாம் முறை நூற்று முப்பத்தெட்டு காட்டியது. ரத்தத்தில் பொட்டாசியம் தாழ்ந்திருந்தது. சிறுநீரகம் சுரக்கிற ஏதோ ஒன்றும் படுத்துவிட்டிருந்தது. அதைப் பார்த்த பேராசிரியர் வெஸ்தரினெனின் முகம் பிள்ளை பிறந்த வீடுபோல் மலர்ந்தது.

"வந்துடுச்சு! தம்பி, உங்களுக்கு வந்துடுச்சு!"

"என்ன சார் வந்துடுச்சு?"

"வெஸ்தரினென் குறி. பேரை நான் வைக்கலை, என் சக ஊழியர்கள் வற்புறுத்தினாங்க. இதுக்கு முன்னாடி இதை யாரும் இவ்வளவு சின்ன வயசுல பார்த்ததே இல்லை. இனிமே நீங்க சாதாரண ஆள் இல்லை. முன்முன்நோயாளி."

"முன்நோயாளின்னா?"

"அது அடுத்தது. அவசரப்படாதீங்க. அவசரப்பட்டா ஏறும்."

உறுதியான பங்கேற்புக்காக அன்றைக்கு இரண்டு பைகள் கிடைத்தன.

அடுத்த வாரம் ரயில்வே மருத்துவர் கைசாவிடம் போனபோதுதான் அவன் நெஞ்சு உண்மையாகவே படபடத்தது. அவர் கணினித் திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். அவன் பெயருக்கு எதிரே சிவப்பாக ஒரு கொடி.

"ஓட்சோ, நான் தடுக்கலை. ஆனா நிலையம் உன்னை அபாயப் பட்டியல்ல போட்டிருக்கு. எந்த நேரத்துல என்ன ஆகும்னு தெரியாதவர் கையில இருநூறு பேரை ஒப்படைக்க முடியாது, புரியுதா? அடுத்த மாசக் கடைசிக்குள்ள 'இவர் இயல்பானவர்'னு அவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வா. அப்பறம் நான் அளக்கறேன். ரெண்டும் சரியா இருந்தா கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா உன் இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும்."

ஓட்சோ நேராக நிலையத்துக்கு ஓடினான். 'இயல்பானவர்' என்று எழுதித் தரும்படி கேட்டான். முகப்பில் இருந்த பெண் அலமாரியைத் திறந்து தேடினாள். முன்முன்நோயாளிக்குப் படிவம் இருந்தது. முன்நோயாளிக்கு இருந்தது. சந்தேகத்துக்குரிய முன்முன்நோயாளிக்கு இரண்டு நிறங்களில் இருந்தது. இயல்பானவருக்கு இல்லை.

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே," என்றாள் பாவம் போல.

அன்றிலிருந்து ஓட்சோ தன்னைத் திருத்திக்கொள்ள ஆரம்பித்தான். காப்பியை விட்டான். இந்த நாட்டில் காப்பியை விடுவதென்றால் பேச்சுத் துணையை விடுகிற மாதிரி. உப்பை விட்டான். சௌனாவில் சூடேறுவது கூடாது என்று நிலையம் சொன்னதால் சனிக்கிழமை சாயங்காலம் அக்கா மட்டும் வெந்நீராவியில் சிவந்து வர, அவன் படியில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்தான். பனிக்கட்டி ஹாக்கியை விட்டான். இரவும் பகலும் தானாக இறுகித் தளரும் ஒரு பட்டையைக் கையில் கட்டி அனுப்பியிருந்தார்கள். பெட்டி கோக்கும்போது அது இறுகும். தூக்கத்தில் இறுகும். அக்காவோடு சண்டை போடும்போது தவறாமல் இறுகும்.

"அந்தப் பட்டைக்கு என் மேல என்னடா கோபம்?" என்றாள் ஹில்லா. "நான் வாயைத் திறந்தாலே உறுமுது."

"அக்கா, கிண்டல் பண்ணாத. எனக்குப் பயமா இருக்கு. இந்தத் தடவையும் இடம் போச்சுன்னா நான் நாலாவது தடவை கேக்க மாட்டேன். அவ்வளவுதான்."

ஹில்லா கிண்டலை விட்டாள். தம்பி அழுது அவள் பார்த்ததில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மிட்டாய்ப் பையை அவன் பக்கம் நகர்த்தினாள். பாவம், எல்லா இன்பத்தையும் விட்டவனுக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். நிலையமே தந்தது என்பதால் அதில் கெடுதல் இருக்க வழியில்லை என்று இருவரும் நம்பினார்கள்.

மூன்றாம் முறை நூற்று ஐம்பத்திரண்டு.

அடுத்த மாதத் தொடக்கத்தில் நகர மண்டபத்தில் வெஸ்தரினென் குறிக்கு ஒரு விழா எடுத்தார்கள். நகரசபைத் தலைவர், பத்திரிகையாளர்கள், ஏலக்காய் மணக்கும் புல்லா ரொட்டி, ஐந்து பேர் கொண்ட பித்தளை வாத்தியக் குழு. ஓட்சோவை முன்மாதிரிப் பங்கேற்பாளராக மேடையில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். ரைலி அவனை மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில், அன்றைக்கென்று அமைதி அறையாக அறிவிக்கப்பட்டதில், உட்கார வைத்தாள். கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். பேசவும் கூடாது, படிக்கவும் ஒன்றும் இல்லை. கையில் புதிதாகக் கொடுத்த மிட்டாய்ப் பை மட்டும்.

படபடப்பில் மனிதனின் விரல் சும்மா இருக்காது. ஓட்சோவின் விரல் தங்க நிற இதயத்தின் ஓரத்தைச் சுரண்டியது. சுரண்டச் சுரண்ட அது உரிந்து வந்தது. அடியில் மிட்டாய்க் கம்பெனி சட்டப்படி அச்சடித்திருந்த சின்ன எழுத்து வரி ஒன்று தெரிந்தது: "அதிமதுரம் அடங்கியது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிகமாக உண்ண வேண்டாம்."

ஓட்சோ அதை நான்கைந்து முறை படித்தான். பிறகு விதியை மீறிப் பேசினான்.

"சிஸ்டர், இதைக் கொஞ்சம் படிங்க."

ரைலி படித்தாள். சட்டைப்பையில் இருந்த தன் பங்கு மிட்டாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அட கடவுளே! போன வருஷத்துலேருந்து நானும் பிரஷருக்கு ரெண்டு மாத்திரை போடறேன் தம்பி. வயசுன்னு நினைச்சேன்."

"இது யாருக்குமே தெரியாதா சிஸ்டர்?"

"தெரியாம என்ன? எங்க அம்மாகூடச் சொல்லும், நிறையத் திங்காதே, தலை சுத்தும்னு. ஆனா அது மிட்டாய்க்குத்தானே? இது பரிசு இல்லையா! பரிசு விளம்பரப் பிரிவைச் சேர்ந்தது. நாங்க ஆய்வுப் பிரிவு. ரெண்டுக்கும் வேற வேற மாடி."

இருவரும் பேராசிரியரிடம் போனார்கள். அவர் திரைக்குப் பின்னால் நின்று தன் உரையைத் தனக்கே படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஓட்சோ பையை நீட்டினான்.

"சார், இந்த வரியைப் பார்த்தீங்களா?"

பேராசிரியரின் கண்கள் கலங்கிவிட்டன. "நெகிழ்ச்சியா இருக்கு தம்பி," என்றபடி பேனாவை எடுத்து, அந்தச் சின்ன எழுத்து வரியின் மேலேயே, அழகாகச் சாய்த்து, யால்மரி வெஸ்தரினென் என்று கையெழுத்துப் போட்டார். "இப்படி ஒரு ஞாபகப் பொருள் கேக்கணும்னு உங்களுக்குத்தான் தோணியிருக்கு."

வாத்தியம் முழங்கியது. அவர் மேடைக்குப் போய்விட்டார்.

அவருடைய உரையைக் கேட்டவர்கள் இன்றைக்கும் மறக்கவில்லை. "நண்பர்களே! எங்களை நம்பாதவங்க கேட்டாங்க, நல்லா இருக்கற பசங்ககிட்ட என்ன கண்டுபிடிப்பீங்கன்னு. சேர்ந்த முதல் நாள்ல இந்தக் குறி ஒருத்தர்கிட்டகூட இல்லை. ஆறே மாசம் எங்க கண்காணிப்புல வச்சிருந்தோம். இன்னிக்கு எல்லார்கிட்டயும் இருக்கு! எல்லார்கிட்டயும்! உலகத்துல வேற எந்த நிலையமாவது இப்படி ஒரு விளைவைக் காட்டியிருக்கா?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. ஓட்சோ மேடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முன்வரிசையில் அக்கா. அவன் கையில் அந்தப் பை. எழுந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாமா என்று இருந்தது. உடைத்தால் விசாரணைக் குழு அமைப்பார்கள், குழு முடிவு சொல்வதற்குள் இலையுதிர் காலம் போய்ப் பனியும் உருகிவிடும். ரைலி கையைப் பிசைந்துகொண்டு நிற்பதையும் பார்த்தான். அவன் கையைத் தூக்கினான்.

"சார், எனக்கு ஒரு சந்தேகம். எல்லார்கிட்டயும் இருக்கறதுக்கு என்ன பேரு?"

பேராசிரியர் புன்னகையோடு நிலையத்தின் புள்ளியியலாளர் தனேலியைப் பார்த்துக் கையைக் காட்டினார். தனேலியை அந்த நிலையத்தில் அதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. மனுஷன் சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டார்.

"கணக்குப்படி, எல்லார்கிட்டயும் இருந்தா அதுக்குப் பேரு இயல்பு. இல்லாதவங்கதான் விலகல்."

"அப்ப நான் இயல்பானவன்தானே சார்?"

"சந்தேகமே இல்லை. இதைவிட இயல்பா ஒருத்தர் இருக்க முடியாது."

"அதை எழுதிக் குடுத்துடுங்க சார். நகரசபைத் தலைவர் முன்னாடியே."

முதல் வரிசையில் ஹில்லா சீட்டியடித்தாள். மண்டபமே கைதட்டியது. கைதட்டல் கேட்டால் பேராசிரியருக்குக் கையெழுத்துப் போடாமல் இருக்கத் தெரியாது. புல்லா ரொட்டிக்கு வைத்திருந்த காகிதத்தில் "ஓட்சோ தொய்வானென் முற்றிலும் இயல்பானவர்" என்று எழுதி நிலையத்தின் முத்திரையையும் குத்திக் கொடுத்தார்.

சல்மியாக்கியை ஓட்சோ அன்றே விட்டான். காப்பியை அன்றே பிடித்தான். சனிக்கிழமை சௌனாவுக்குள் முதல் ஆளாக நுழைந்தான். மாதக் கடைசியில் டாக்டர் கைசா அந்த வெண்ணெய்க் கறை படிந்த காகிதத்தைப் படித்துவிட்டு, கைப்பட்டையைச் சுற்றி அளந்தார். நூற்றுப் பத்தொன்பது. சிவப்புக் கொடியை அழித்தார். வெளியே வந்து ஓட்சோ வாசற்படியில் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்றுகூடக் கவலைப்படாமல் அழுதான்.

ரைலியும் சும்மா இருக்கவில்லை. முத்திரையை வேறு இடத்தில் ஒட்டலாமே என்று பரிசுக் குழுவுக்கு எழுதினாள். முத்திரையை நகர்த்தினால் நிலையத்தின் புகழுக்குக் குறைவு என்று பதில் வந்தது. ஆனால் அடுத்த ஆண்டு விளம்பரப் பிரிவில் புதிதாக வந்தவருக்குச் சல்மியாக்கி பிடிக்காது. பரிசு ரை தானிய வறுவலாக மாறியது. மாறிய சில மாதங்களில் வெஸ்தரினென் குறி ஊரிலிருந்தே மறைந்துபோனது. இதை நிலையம் தன் இரண்டாவது வெற்றியாக அறிவித்தது. ஒரு தலைமுறையையே உயர் ரத்த அழுத்தத்திலிருந்து மீட்டதற்காகப் பேராசிரியருக்கு ஹெல்சின்கியில் ஒரு பெரிய விருது என்றும் செய்தி வந்தது.

விருது நாளன்று ஹெல்சின்கி ரயிலை ஓட்டியவன் ஓட்சோ. பியெக்ஸமாக்கி நடைமேடையில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபோது, கறுப்பு கோட்டில் பேராசிரியர் மூச்சு வாங்கியபடி அவனை நோக்கி வந்தார்.

"நாங்க காப்பாத்தின பையன்! பார்த்தீங்களா, எங்க இருக்கீங்க இப்ப!"

"வாங்க சார், வாழ்த்துகள். உங்க பிரஷர் எப்படி இருக்கு?"

பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார். "அதை ஏன் கேக்கறீங்க தம்பி. ஏறிக்கிட்டே போகுது. ராத்திரி தலை கனக்குது, காலெல்லாம் வீங்குது. நாலு டாக்டரைப் பார்த்துட்டேன், காரணம் தெரியலை. இந்த லட்சணத்துல பழைய பரிசுப் பெட்டிங்க வேற கிடங்குல மிஞ்சிப் போச்சு. வீணாக்கலாமா? நான்தான் தின்னு தீர்த்துக்கிட்டிருக்கேன்." கோட்டுப் பையிலிருந்து ஒரு பையை எடுத்து நீட்டினார். "எடுத்துக்கோங்க."

தங்க இதயம் பளபளத்தது. அந்த ஒரு கணம் ஓட்சோவுக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. கண்ணடியில் வீங்கிப்போய், களைத்துப்போய், ஒரு வயசான மனுஷர் மிட்டாயை நீட்டிக்கொண்டு நின்றார். ஓட்சோ பையை வாங்கி, முத்திரையை ஒரே இழுப்பில் உரித்துவிட்டு, அவர் கையிலேயே திருப்பி வைத்தான்.

"கையெழுத்து வேண்டாம் சார். இந்தத் தடவை படிங்க."

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். பையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

ரயில் நேரத்துக்குக் கிளம்பியது. வளைவு திரும்பும்வரை ஓட்சோ பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தான். காலி நடைமேடையில், காலடியில் பெட்டியோடு, பேராசிரியர் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றார். தன் விருதுக்குப் போகிற ரயில் தன்னை விட்டுவிட்டுப் போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.